கையால் செதுக்கும் மர வில் உடையாமல் இருக்க: பலகை தேர்வதிலிருந்து முதல் அம்பு வரை

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகை வில்லைப் பற்றியது. ஒற்றை மரத்தில் செதுக்கியது, தட்டையான இரண்டு தண்டுகள், நடுவில் வளையாத கெட்டியான பிடி. மொத்த நீளம் 68 அங்குலம். பிடியிலிருந்து நாண் வரை 28 அங்குலம் இழுக்க 40 பவுண்டு விசை வேண்டும். முதல் வில் செய்கிற யாருக்கும் நான் இந்த அளவைத்தான் சொல்வேன். நீளமும் அகலமும் கூடினால் மரம் தாங்க வேண்டிய பாரம் பரவிவிடும், சின்னத் தவறுகளை வில் பொறுத்துக்கொள்ளும். 60 பவுண்டு வில் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

வேலை முழுக்க ஒரு விதிதான். வில்லின் எந்த இடமும் பக்கத்து இடத்தைவிட அதிகமாக உழைக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் அதிகமாக வளைவது கண்ணில் பட்டால், அதைச் சரிசெய்யாமல் அடுத்த அங்குலம் இழுக்கக் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த விதியைக் கடைப்பிடிப்பதற்கான வழிகள்.

வளையும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது

முதலில் பெயர்கள். குறியைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் முதுகு. உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. பிடிக்கு மேலும் கீழும் இருப்பவை தண்டுகள். நாணை இழுத்தால் முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மரத்துக்கு அநேகமாக வேலையே இல்லை.

பெரும்பாலான மரங்கள் நசுங்குவதைவிட இழுபடுவதை நன்றாகத் தாங்கும். ஆனால் தோற்கும் விதம் வேறு. வயிறு தோற்றால் மெல்லத் தோற்கும்: வில்லுக்குக் கூன் விழும் (நாணை இறக்கிய பின்னும் வளைவு முழுக்க நிமிராது), குறுக்கே மெல்லிய கோடுகள் வரும், அம்பின் வேகம் குறையும். முதுகு தோற்றால் ஒரே சத்தத்தில் வில் இரண்டாகிவிடும். அதனால்தான் முதுகைத் தயார்செய்வதில் காட்டும் பொறுமையை வேறு எதிலும் காட்ட வேண்டியதில்லை என்று சொல்லுமளவுக்கு அது முக்கியம்.

கொஞ்சம் கணக்கு. மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்பதைத் தண்டின் கனத்தை வளைவின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்துத் தெரிந்துகொள்ளலாம். 12 மில்லிமீட்டர் கனமுள்ள தண்டு 60 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்தால் மேற்பரப்பு 1 சதவீதம் நீள்கிறது. நல்ல வில் மரங்கள் தாங்கும் எல்லை ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. அதே வளைவில் தண்டு 15 மில்லிமீட்டர் கனமாக இருந்தால் 1.25 சதவீதம். அது ஆபத்தான இடம். ஆக, கனமான தண்டு பலமான தண்டு என்று நினைப்பது இங்கே தலைகீழாகிறது. அதே வளைவுக்கு, அகலமான மெல்லிய தண்டுதான் பிழைக்கும்.

இன்னொரு கணக்கும் வேண்டும். தண்டின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதம். கனத்திலோ அதன் மும்மடிக்கு, அதாவது கனம் × கனம் × கனத்துக்கு, நேர் விகிதம். அகலத்தை இரு மடங்காக்கினால் விறைப்பும் இரு மடங்குதான். கனத்தை 12 மில்லிமீட்டரிலிருந்து 11 ஆக்கினால் விறைப்பில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அரை மில்லிமீட்டர் சுரண்டினாலே எட்டில் ஒரு பங்கு போகும். கடைசிக் கட்டத்தில் இழைப்புளியை ஓரம் வைத்துவிட்டுச் சுரண்டும் தகட்டைக் கையில் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-ல் கிடைத்த எல்ம் மர வில்கள் ஏறக்குறைய 9000 ஆண்டுகள் பழையவை. அவற்றின் தண்டுகள் அகலமானவை, தட்டையானவை. கணக்குப் போடத் தெரியாத காலத்திலும் கை அந்த முடிவுக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தின் நீள வில் வேறு வழியில் போனது. அது குறுகலானது, உருண்டையான வயிறு கொண்டது. 1545-ல் மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 130-க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன, எல்லாம் யூ மரம். யூ மரத்தில் வெளிப்புற வெள்ளை மரம் இழுபடுவதை நன்றாகத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் (முதிர்ந்த நடுமரம்) நசுங்குவதை நன்றாகத் தாங்கும். இரண்டும் ஒரே தடியில் அமைந்திருக்கும் மரத்துக்குத்தான் அந்த வடிவம் பொருந்தும். நம் கைக்குக் கிடைக்கும் மரங்களுக்கு அகலத் தட்டை வடிவமே நல்லது.

மரம்

அதிர்ச்சியைத் தாங்கும் மரம் வேண்டும். வெளிநாட்டில் முதல் வில்லுக்கு ஹிக்கரி அல்லது ஆஷ் பலகை வாங்குவார்கள். ஹிக்கரியில் சுத்தியல், கோடாரிப் பிடிகள் செய்வார்கள். ஆஷ் கிரிக்கெட் ஸ்டம்புகளுக்குப் போகும். அமெரிக்கப் பழங்குடிகள் பெரிதும் விரும்பிய ஓசேஜ் ஆரஞ்சு மரம் முசுக்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த முசுக்கொட்டை நமக்கும் தெரிந்த மரம்தான்; வட இந்தியாவில் அதில்தான் ஹாக்கி மட்டை செய்தார்கள். பட்டுப்பூச்சிக்காகக் கவாத்து செய்துகொண்டே இருக்கும் செடி இதற்கு ஆகாது. மரமாக வளரவிட்ட, கணு குறைந்த நேரான அடிமரம் வேண்டும். சடச்சி என்றும் உன்னு என்றும் சொல்லும் மரமும் வளைந்து கொடுக்கும் தன்மைக்குப் பெயர் போனது. தேக்கு கதவுக்கும் ஜன்னலுக்கும் அருமையான மரம். அதிர்ச்சி தாங்குவதில் ஹிக்கரிக்கு நிகராகாது, முதல் வில்லுக்கு அதைத் தேட வேண்டாம். எந்த மரமானாலும் பட்டா நிலத்தில் உரியவர் அனுமதியோடு வெட்டியதாகவோ மரக்கடையில் வாங்கியதாகவோ இருக்கட்டும்.

மரத்தின் பெயரைவிட ரேகை, அதாவது நார் ஓடும் வழியைக் காட்டும் கோடுகள், முக்கியம். ரேகை கோணலான ஹிக்கரியைவிட ரேகை நேரான சாதாரண மரம் மேல். மரக்கடையில் பலகையை வாங்கும்போது அகலமான பக்கத்தைப் பாருங்கள். கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓரத்தைத் தொடாமல் நேராக ஓட வேண்டும். பிறகு பலகையைத் திருப்பிக் குறுகிய பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் கோடுகள் நேராக ஓட வேண்டும். முகத்தில் 'வி' வடிவங்களோ தீவு மாதிரி மூடிய வளையங்களோ தெரிந்தால், ரேகை அங்கே மேற்பரப்பை வெட்டிக்கொண்டு வெளியே போகிறது என்று அர்த்தம். நார் முடியும் அந்த இடத்தில்தான் முதுகு பிளக்கத் தொடங்கும். ஐம்பது பலகை புரட்டி ஒன்றுகூடத் தேறாமல் திரும்புவது சகஜம். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வெறுங்கையோடு வாருங்கள்.

முழு மரத்துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அதை ரம்பத்தால் அறுக்காதீர்கள், ஆப்பு வைத்துப் பிளங்கள். பிளவு நார் போகும் வழியிலேயே போகும், நெளிந்தால் நெளியட்டும். பிளந்ததும் இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூச வேண்டும். இல்லாவிட்டால் முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறி வெடிப்பு விழும்.

ஈரப்பதம்

பச்சை மரத்தில் செய்த வில் உடையாது, ஆனால் கூன் விழுந்து செத்துப்போகும். அளவுக்கு மீறிக் காய்ந்த மரம் விறைப்பாக இருக்கும், ஒரு நாள் எச்சரிக்கையில்லாமல் உடையும். 8 முதல் 10 சதவீத ஈரம் நல்ல இடம்.

ஈரம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். தடியை வாரம் ஒருமுறை எடை போட்டு அதன் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். தொடர்ந்து சில வாரங்கள் எடை மாறாவிட்டால் அந்த ஊர்க் காற்றுக்கு எவ்வளவு காய முடியுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது. சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம், அங்கே மரம் 8 சதவீதத்துக்குத் தானாக இறங்காது. வளைவைச் சீராக்கும் வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ளாமல், மாசி பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது. வெயிலில் நேரடியாகக் காய வைக்க வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் போதும். தோராயமாக வில் வடிவுக்குச் செதுக்கிய தடி, முழுத் தடியைவிட மிக வேகமாகக் காயும்.

முதுகு

பலகையில் செய்பவர்களுக்கு இங்கே வேலை குறைவு. ரேகை நேரான முகத்தை முதுகாகக் குறித்துக்கொண்டு, இனி அந்தப் பக்கம் எந்தக் கருவியும் படாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பருத்தி, லினன், பட்டு ஏதாவது ஒரு துணியை மரப்பசை போட்டு முதுகு முழுக்க ஒட்டலாம். துணி வில்லைப் பலமாக்காது. ஆனால் நார் கிளம்பத் தொடங்கினால் அமுக்கிப் பிடிக்கும்.

பிளந்த தடியில் செய்பவர்கள் ஆண்டு வளையம் ஒன்றைத் தேர்ந்து அதையே முதுகாக்க வேண்டும். ஆஷ், எல்ம், ஹிக்கரி போன்ற வெளிர் நிற மரங்களில் பட்டையை உரித்தால் போதும், அதற்கு அடியில் இருக்கும் பரப்பே முதுகு. ஓசேஜ், முசுக்கொட்டையில் வெளிப்புற வெள்ளை மரத்தை நீக்கி வைரத்தில் ஒரு வளையத்தைப் பிடிப்பது வழக்கம். இது மெதுவான வேலை. இருபுறமும் பிடியுள்ள இழுப்புக் கத்தியால் ஒவ்வொரு வளையமாக இறங்குவீர்கள். ஒரு வளையத்தில் இரண்டு பகுதி உண்டு. மழைக்குப் பின் முதலில் வளர்ந்த மரம் பஞ்சு மாதிரி ஓட்டை நிறைந்தது, கத்தி படும்போது நறநறவென்று உதிரும். பிறகு வளர்ந்தது நெருக்கமானது, நீளச் சுருளாக வழுக்கிக்கொண்டு வரும். நறநறப்பு நின்று கத்தி வழுக்கத் தொடங்கும் இடம்தான் நீங்கள் தேடும் முதுகு. அங்கே கத்தியை வைத்துவிட்டுச் சுரண்டியை எடுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வரவிட்டால், நீங்கள் தவறி அடுத்த வளையத்துக்குள் இறங்கிய இடம் சிறிய படிக்கட்டாகத் தெரியும். அந்தப் படிக்கட்டு ஒன்று இருந்தாலும் அந்த வளையத்தை விட்டு முழுக்க அடுத்ததற்கு இறங்க வேண்டும். நல்ல தடிமனான வளையம் கிடைத்தால் கைக்கு எளிது.

முதுகில் மேடு பள்ளம் இருந்தால் சமப்படுத்தாதீர்கள். வளையம் எப்படி நெளிகிறதோ அப்படியே முதுகும் நெளியட்டும். கணு இருந்தால் அதைச் சுற்றி வளையம் மேடாக எழும்பும். அதைக் குமிழாக விட்டுவிட்டு இரு பக்கமும் சிறிது அகலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூங்கில்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மூங்கிலின் நார்கள் வெளித்தோலுக்கு அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அந்தத் தோலை முதுகாக வைத்து உள்பக்கம் மட்டும் சீவினால் முதுகு பிறவியிலேயே தயார். மூங்கிலில் கணுவின் வெளிமேட்டைச் சீவக் கூடாது, உள்ளே இருக்கும் தடுப்பை மட்டும் எடுக்க வேண்டும்.

கோடு போட்டு வெட்டுவது

தடியின் நடுவில் ஒரு நூலை இறுக்கிக் கட்டி மையக்கோடு போடுங்கள். பிளந்த தடியில் மையக்கோடு ரேகையோடு போகட்டும். நடுவில் 4 அங்குலம் பிடி. அதன் இருபுறமும் 2 அங்குலம், பிடியிலிருந்து தண்டுக்கு இறங்கும் சரிவு. மீதி இரு பக்கமும் 30 அங்குலம், அதுதான் வளையும் தண்டு.

சரிவு முடியும் இடத்தில் தண்டின் அகலம் 2 அங்குலம். நுனியில் அரை அங்குலம். இரண்டையும் நேர்கோட்டால் சேருங்கள். இந்தக் கூம்பு வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. நாண் இழுக்கும்போது தண்டின்மேல் விழும் வளைக்கும் விசை நுனியில் சுழியம், பிடியை நோக்கி வர வர ஏறக்குறைய ஒரே சீராகக் கூடுகிறது. அகலமும் அதே விகிதத்தில் கூடினால், கனம் முழு நீளத்துக்கும் ஒன்றாக இருந்தும் தண்டு அழகான வட்டத்தின் ஒரு பகுதியாக வளையும். வளைவை ஒழுங்குபடுத்தும் வேலையில் பாதியைப் பென்சில் கோட்டிலேயே முடித்துவிடலாம்.

பக்கவாட்டை முதலில் வெட்டுங்கள், கனத்தைப் பிறகு. பக்கவாட்டு முடிந்த பின் தண்டின் இரு ஓரத்திலும் 14 மில்லிமீட்டர் கனத்துக்குக் கோடு போட்டு வயிற்றுப் பக்கம் மட்டும் இறக்குங்கள். முடிவில் 12 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும், மரத்துக்கு மரம் மாறும். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள், வளைவைப் பாருங்கள்.

பலகை வில்லில் பிடிக்குக் கனம் போதாது. 20 மில்லிமீட்டர் கனமுள்ள இன்னொரு கட்டையை வயிற்றுப் பக்கம் ஒட்ட வேண்டும். இரண்டு பரப்பும் இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும். எபாக்சி பசை போட்டுக் கிளாம்பால் பிடித்து ஒரு நாள் விடுங்கள். கட்டையின் முனைகள் மெல்லிய சரிவாக மரத்தோடு கலக்க வேண்டும். கட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் அடிமரம் வளைந்தால் பிடி 'டப்' என்று பெயர்ந்து வரும். அதனால் சரிவுப் பகுதி முழுவதையும் விறைப்பாகவே விட்டுவிடுங்கள்.

இப்போது முதுகின் இரு ஓரங்களையும் உருட்டுங்கள். கூரான விளிம்பில் தொடங்கும் சிராய்தான் பிளவாக வளரும். அரம் போட்டு, பிறகு உப்புத்தாள் போட்டு, விரலை ஓடவிட்டால் எங்கும் கூர் தட்டுப்படக் கூடாது. இதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விடுவார்கள். முதல் முறை வளைப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது.

தரையில் அழுத்திப் பார்ப்பது

ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை ஒரு கையால் பிடித்து, மறுகையால் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். முதுகு உங்களை நோக்கி இருக்க வேண்டாம், நாண் இழுக்கும்போது வளையும் அதே திசையில்தான் வளைய வேண்டும். தண்டு சில அங்குலம் வளைவது கண்ணுக்குத் தெரியும் வரை வயிற்றைச் சீவிக்கொண்டே வாருங்கள். இரண்டு தண்டும் கைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் இழைப்புளியும் மர அரமும் சரி.

சீவும்போது எப்போதும் முழு நீளத்துக்கும் சீராக ஓடுங்கள். ஓரிடத்தில் மட்டும் நின்று சீவினால் அங்கே பள்ளம் விழுந்து, பிறகு அந்தப் பள்ளம்தான் மடிப்பாகும். தென்னை ஈர்க்கில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வளைத்துப் பாருங்கள், முழு ஈர்க்கும் சும்மா இருக்கக் கீறல் விழுந்த இடம் மட்டும் மடியும். வில்லும் அப்படித்தான்.

நாண் பள்ளங்களையும் இப்போது போடலாம். நுனியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, உருண்டை அரத்தால் இரு பக்கவாட்டிலும் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, பிடியை நோக்கிச் சாய்வாக. முதுகின் குறுக்கே அரம் ஓடவே கூடாது.

கம்பத்தில் ஏற்றுவது

இது வேலையின் நடுநாயகம். சுவரில் அல்லது தூணில் ஒரு கட்டையைப் பொருத்தி, அதன்மேல் வில்லின் பிடி உட்காரும்படி வையுங்கள். நுனிகளுக்கு நீளமான நாண் கட்டுங்கள். கழன்று விழாத அளவுக்குத் தொளதொளவென்று இருக்கட்டும். நாணின் நடுவில் தொங்கு தராசு, அதிலிருந்து கயிறு, தரையில் பொருத்திய கப்பி வழியாக உங்கள் கைக்கு. பத்தடி தள்ளி நின்று இழுக்க வேண்டும். உடையும் வில்லின் துண்டு முகத்துக்கு வரும் வேகத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சுவரில் கிடைமட்டக் கோடுகள் இருந்தால் வளைவு தெளிவாகத் தெரியும். டைல்ஸ் ஒட்டிய சுவர் இதற்கு வசதி. செல்போனில் ஒரு படம் எடுத்து, அதை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நேரில் பழகிப்போய்க் கண் விட்டுவிடும் கோணல், திருப்பிய படத்தில் உடனே தெரியும்.

நுனிகள் 3 அங்குலம் இறங்கும் வரை இழுங்கள். பாருங்கள். எங்கே தட்டையாக, வளையாமல் நிற்கிறதோ அங்கே வயிற்றில் பென்சிலால் தீற்றுங்கள். எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்தப் பகுதியைத் தொடவே தொடாதீர்கள். தீற்றிய இடத்தைச் சுரண்டியால் பென்சில் மறையும் வரை சீவுங்கள். திரும்ப ஏற்றி, இருபது முப்பது முறை அதே தூரத்துக்குக் குட்டிக் குட்டியாக இழுத்து விடுங்கள். மரம் மாற்றத்தை உடனே காட்டாது; இப்படிப் பழக்கிய பின்தான் நீங்கள் சீவியதன் விளைவு தெரியும். பழக்காமல் அடுத்தடுத்துச் சீவுகிறவர்களின் வில்தான் எதிர்பார்த்ததைவிட மெலிந்து நிற்கும்.

வளைவு சீரானால் இன்னும் ஓர் அங்குலம் இழுக்கலாம். சீராகாவிட்டால் இழுக்கக் கூடாது. கடைசி அங்குலங்கள் வரும் வரை தராசு 40 பவுண்டைத் தாண்டக் கூடாது. 10 அங்குலம் இழுத்தபோதே 40 வந்துவிட்டால், அங்கேயே நின்று இரு தண்டையும் முழு நீளத்துக்குச் சீராக மெலிதாக்குங்கள்.

கம்பத்தில் ஏற்றிய வில்லை இழுத்த நிலையிலேயே கட்டிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு உடனே தளர்த்துங்கள். இழுத்தே வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூனாக மாறும்.

நாணேற்றிய பின்

நுனிகள் 8 அங்குலம் வரை சீராக இறங்கினால் குட்டையான நாணுக்கு மாறலாம். முதலில் பிடிக்கும் நாணுக்கும் நடுவில் 3 அங்குல இடைவெளி மட்டும். பழக்கிப் பார்த்துவிட்டு மெல்ல 6 அங்குலத்துக்குக் கொண்டு வாருங்கள். நாணேற்றியதும் முதலில் மேலிருந்து பாருங்கள்: நாண் பிடியின் நடுவில் ஓடுகிறதா? ஒரு பக்கமாக ஓடினால் அந்த நுனியின் பக்கவாட்டில் சிறிது சீவி நாண் பள்ளத்தை நகர்த்தலாம். கோணலாக ஓடும் நாண் தண்டை முறுக்கும், முறுக்கிய தண்டில் ஓர் ஓரம் மட்டும் பாரம் சுமக்கும்.

கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். 6 அங்குல நீளமுள்ள, ஒரு பக்கம் தட்டையான மரக்கட்டை. அதன் நடுவில் ஓட்டை போட்டு ஒரு பென்சிலை இறுக்கமாகச் செருகுங்கள். நாணேற்றிய வில்லின் வயிற்றில் கட்டையை வைத்தால் அதன் இரு முனைகள் மட்டும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகம் வளையும் இடத்தைத் தேடி, அங்கே பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமல் இருக்கும்படி வையுங்கள். பிறகு சரிவிலிருந்து நுனி வரை கட்டையை ஓட்டுங்கள். பென்சில் கோடு விழுந்த இடமெல்லாம் விறைப்பான இடம், அங்கே சுரண்டலாம். கோடு விழாத இடம் போதுமான அளவு வளைகிறது, அதை விட்டுவிடுங்கள். கூம்பு வடிவத் தண்டு வட்டமாகத்தான் வளைய வேண்டும் என்பதால் இந்த வில்லுக்கு இந்தக் கருவி அப்படியே பொருந்தும். நுனிப் பக்கம் கடைசி 6 அங்குலம் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் குற்றமில்லை.

இரண்டு தண்டையும் ஒப்பிட, சரிவு முடியும் இடத்திலிருந்து நாண் வரை அளந்து பாருங்கள். மேல்தண்டில் இந்த அளவு கீழ்த்தண்டைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அம்பு பிடிக்கு மேலே உட்காருவதாலும், அம்புக்குக் கீழே இரண்டு விரல் பிடிப்பதாலும் கீழ்த்தண்டு கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் நாணை இறக்கி வில்லின் முதுகோடு ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். கூன் எவ்வளவு என்பதைவிட எங்கே விழுந்தது என்பது முக்கியம். ஒரு தண்டின் நடுவில் மட்டும் கூன் இருந்தால் அந்த இடம் தன் பங்குக்கு மேல் உழைத்திருக்கிறது. அதற்கு இருபுறமும் சீவி அதன் பாரத்தைக் குறையுங்கள். 20 அங்குல இழுப்பிலேயே ஓர் அங்குலத்துக்கு மேல் கூன் விழுந்திருந்தால், 40 பவுண்டு என்ற ஆசையைக் கைவிட்டு 35-க்கு இறங்குவது புத்திசாலித்தனம். முடிந்த வில்லில் 2 அங்குலத்துக்குள் கூன் இருந்தால் கவலை வேண்டாம்.

கடைசி அங்குலங்கள்

20 அங்குல இழுப்பில் சுமார் 26 பவுண்டு காட்டினால் 28-ல் 40-ஐ ஒட்டி வந்து நிற்கும். இங்கிருந்து சுரண்டி மட்டும்தான், அதுவும் தாள் போன்ற சீவல் வரும் அளவுக்கு. 28 அங்குலத்தில் 42 அல்லது 43 பவுண்டில் நிறுத்துங்கள். உப்புத்தாள் போடுவதிலும் முதல் அம்புகளிலும் இரண்டு மூன்று பவுண்டு தானாகப் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் இறக்கியதும் வயிற்றைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தண்டின் குறுக்கே, நகத்தால் அழுத்தினாற்போன்ற மெல்லிய கோடு தெரிந்தால் அது மரம் நசுங்கிய அடையாளம். அது திரும்பச் சரியாகாது. சின்னதாக, ஒன்றே ஒன்று என்றால் அந்த இடத்தைத் தொடாமல் இருபுறமும் மெலிதாக்கி, வில்லின் விசையைக் குறைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அந்த வில்லை அதோடு விட்டுவிடுங்கள். முதுகில் நார் ஒன்று லேசாகக் கிளம்பியிருந்தால் பார்வையில் படாது. ஒரு துண்டுப் பஞ்சை முதுகின் மேல் ஓட்டிப் பாருங்கள், சிக்கும். சிக்கிய இடத்தில் மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு, நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே பசை பூசினால் சில சமயம் பிழைக்கும். நீளமான பிளவுக்கு இது மருந்தில்லை.

1991-ல் ஆல்ப்ஸ் பனியில் 5000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுள்ள மனித உடல் ஒன்று கிடைத்தது. அதோடு 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மர வில் ஒன்றும் இருந்தது. அது முடியாத வில், மேலே செதுக்கிய வடுக்கள் அப்படியே இருக்கின்றன. இந்தக் கட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வில் ஞாபகம் வரும். உயிர் பிழைக்க வில் தேவைப்பட்ட மனிதன்கூட அதை இழுத்துப் பார்க்க அவசரப்படவில்லை.

பூச்சும் முதல் அம்பும்

80, 120, 220 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போட்டு, அரம் விட்ட கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் நீக்குங்கள். முதுகில் குறுக்கே ஓடும் கீறல் ஒவ்வொன்றும் பிளவுக்கு வாசல். ஆளி எண்ணெய் சில பூச்சும் மேலே மெழுகும் போதும். எண்ணெய் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். மழைக்காலத்தில் அடிக்கடி வெளியே எடுப்பவர்கள் வார்னிஷ் பூசிக்கொள்ளலாம்.

நாணுக்கு டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் நூல் 12 முதல் 14 இழை. அது லேசாக நீளும், அந்த நீட்சி நுனிகளுக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கும். நீளவே நீளாத நவீன நூலை மர வில்லுக்குக் கட்டாதீர்கள்.

முதல் நாள் 28 அங்குலம் இழுக்காதீர்கள். 22, 24 என்று குறைந்த இழுப்பில் அம்புகளை விட்டுப் பழக்கி, நடுநடுவே வளைவைப் பார்த்து, பிறகு முழு இழுப்புக்கு வாருங்கள். அம்பின் எடை வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 0.65 கிராமாவது இருக்க வேண்டும். 40 பவுண்டு வில்லுக்கு 26 கிராம். இதைவிட இலேசான அம்பு போகும்போது எடுத்துக்கொள்ளாத விசையெல்லாம் தண்டுக்கே திரும்பும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது இதன் உச்சம். வீட்டுக்கு வருகிற யாராவது வில்லைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது அதுதான், அதனால் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உங்களைவிடக் கை நீளமானவரிடம் கொடுக்கவும் வேண்டாம். 28 அங்குலத்துக்குப் பழக்கிய வில்லை 31 அங்குலம் இழுத்தால் அது இதுவரை போகாத இடத்துக்குப் போகிறது.

அம்பு விட்டு முடிந்ததும் நாணை இறக்குங்கள். வில்லைச் சுவரில் சாய்த்து நிறுத்தாமல் இரண்டு ஆணிகளில் கிடைமட்டமாக வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். கோடையில் ஏசி அறையில் மாதக்கணக்கில் கிடந்த வில்லை எடுத்ததும் முழுக்க இழுக்காமல், ஓரிரு நாள் வெளிக்காற்றில் வைத்துவிட்டு, குட்டி இழுப்புகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறை நாணேற்றும் முன்பும் முதுகில் பஞ்சை ஓட்டி, வயிற்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துவிட்டே ஏற்றுங்கள்.